போருக்கு முன் தூதுவர் ஏன் பெட்டி கட்டுகிறார்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: சண்டை வரப்போகிற நேரத்தில்தானே இரண்டு நாடுகளும் கூடுதலாகக் கதைக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து ஏன் தூதுவரைத் திருப்பி அழைக்கிறார்கள், தூதரகத்தைப் பூட்டுகிறார்கள்? பூட்டிவிட்டால் போர் நிச்சயம்தானா? கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: அண்ணா வளைகுடாவில் வேலை செய்கிறார், அங்கே ஏதும் நடந்தால் எங்கள் தூதரகம் இருக்குமா என்று. அந்த வரிதான் உங்களை இதைக் கேட்க வைத்தது என்று நினைக்கிறேன். "தூதுவர் திருப்பி அழைக்கப்பட்டார்" என்று செய்தி வந்தால் எவ்வளவுக்குப் பயப்பட வேண்டும் என்று அறிய விரும்புகிறீர்கள். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானமும் வரலாறும் படிப்பித்து ஓய்வு பெற்றவன். தூதரகங்களுடன் எனக்குள்ள தொடர்பு விசா வரிசையில் நின்றதோடு சரி. ஆகவே மூடிய அறைகளுக்குள் நடந்தவற்றைப் பற்றி நான் சொல்வது, பின்னாளில் வெளியான ஆவணங்களையும் அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்ததையும் நம்பித்தான். எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். உறவு முறிவும் போரும் நாம் நினைக்கிற அளவுக்குச் சேர்ந்து வருவதில்லை. 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் டாங்கிகளோடு மோதின. இராஜதந்திர உறவு முறியவில்லை. 1971இல் முறிந்தது. ஆனால் எப்போது? டிசம்பர் 3ஆம் திகதி பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்கின. இந்தியா பங்களாதேஷை அங்கீகரித்த 6ஆம் திகதிதான் பாகிஸ்தான் உறவைத் துண்டித்தது. அதாவது போர் தொடங்கி மூன்றாம் நாள். 1962இல் சீனா இமயத்தில் படை நடத்தியபோது டில்லியிலும் பீக்கிங்கிலும் (இன்றைய பீஜிங்) தூதரகங்கள் திறந்தே இருந்தன. தூதுவர்கள் மட்டும் இல்லை, அடுத்த நிலை அதிகாரிகள் பொறுப்பில் இருந்தார்கள். அந்த நிலை 1976இல் கே.ஆர். நாராயணன் தூதுவராகப் போகும் வரை நீடித்தது. ஈரானும் ஈராக்கும் 1980இல் தொடங்கிய போரில் இலட்சக்கணக்கில் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டே பல வருடங்கள் உறவை முறிக்காமல் வைத்திருந்தன. 2014இல் கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகும் உக்ரேன் உறவை முறிக்கவில்லை. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி படை உள்ளே வந்த அன்றுதான் முறித்தது.

மறுபக்கமும் அப்படித்தான். 1961 ஜனவரியில் அமெரிக்கா கியூபாவுடன் உறவைத் துண்டித்தது. 2015 வரை அப்படியே கிடந்தது. இடையில் அமெரிக்கா பின்னால் நின்று நடத்திய பன்றிகள் விரிகுடாத் தாக்குதலும், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் வந்த நெருக்கடியும் வந்தாலும் முழுப் போர் வரவில்லை. சவூதி அரேபியா 2016இல் ஈரானுடன் முறித்துக்கொண்டு, 2023இல் பீஜிங்கில் வைத்துச் சமாதானமாகியது. இவ்வளவு தூரம் போவானேன், இலங்கையே 1970இல் இஸ்ரேலுடன் உறவைத் துண்டித்தது. அதனால் யாரும் யாரையும் சுடவில்லை. 1984இல் இஸ்ரேலுக்கு ஒரு நலன்பேணும் பிரிவு (உறவு இல்லாத நாட்டில் இயங்கும் சிறு அலுவலகம்) தேவைப்பட்டபோது, அது கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஒரு மூலையில் திறக்கப்பட்டது. முழு உறவு 2000ஆம் ஆண்டில்தான் திரும்பியது.

ஆகவே "பூட்டினால் போர் நிச்சயமா" என்பதற்குப் பதில், இல்லை. ஆனால் சில முறிவுகள் போரை ஒட்டியே வந்தன என்பதும் உண்மை. 1904 பெப்ரவரி 6ஆம் திகதி யப்பான் ரஷ்யாவுடன் உறவைத் துண்டித்தது. 8ஆம் திகதி இரவு ஆர்தர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்களைத் தாக்கியது. போர்ப் பிரகடனம் 10ஆம் திகதிதான் வந்தது. உறவை முறித்தது எச்சரிக்கையாகுமா, ஆகாதா என்று அப்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. அதன் பிறகே 1907 ஹேக் மாநாட்டில், தெளிவான முன்னறிவித்தல் இல்லாமல் போரைத் தொடங்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 1917இல் கதை வேறு. ஜேர்மனி நீர்மூழ்கிகளைக் கட்டுப்பாடின்றி இறக்கப் போவதாக அறிவித்ததும், பெப்ரவரி 3ஆம் திகதி அமெரிக்கா ஜேர்மன் தூதுவரை அனுப்பிவிட்டது. போர் ஏப்ரல் 6ஆம் திகதி வந்தது. நடுவில் இரண்டு மாதங்கள். ஜேர்மனி மனம் மாறுமா என்று அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பார்த்துக்கொண்டிருந்தார். யப்பானின் முறிவு அடிக்கத் தீர்மானித்த பிறகு செய்த சடங்கு. வில்சனுடையது அடிக்காமல் விடலாமா என்று பார்த்த கடைசி முயற்சி. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். செய்தித்தாளில் ஒரே தலைப்புத்தான் வரும்.

சட்டப்படி இதில் பல படிகள் இருக்கின்றன. தூதுவரை "ஆலோசனைக்காக" அழைப்பது முதல் படி. இரண்டு கிழமையில் சத்தமில்லாமல் திரும்பிவிடுவார். அடுத்தது, அந்த நாட்டு அதிகாரி ஒருவரை விரும்பத்தகாதவர் என்று அறிவித்து அனுப்புவது. 1961ஆம் ஆண்டின் வியன்னா சமவாயப்படி அதற்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. அப்புறம் ஆளணியைக் குறைப்பது, உறவின் தரத்தை இறக்குவது, கடைசியில் முறிப்பது. 2025 ஏப்ரல் 22ஆம் திகதி காஷ்மீரில் பஹல்காம் தாக்குதல் நடந்த மறுநாள் இந்தியா செய்ததை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானின் பாதுகாப்பு ஆலோசகர்களை வெளியே போகச் சொன்னார்கள், உயர் ஸ்தானிகராலயத்தில் (பொதுநலவாய நாடுகளுக்குள் தூதரகத்துக்கு அந்தப் பெயர்) 55 பேரை 30 ஆக்கச் சொன்னார்கள், அட்டாரி எல்லையை மூடினார்கள், சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தார்கள். முறிக்க மட்டும் இல்லை. மே 7ஆம் திகதி இந்தியாவின் தாக்குதல் தொடங்கியது. 10ஆம் திகதி இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைமை அதிகாரிகள் தொலைபேசியில் கதைத்தார்கள், சண்டை நின்றது. எத்தனை பேர் தூதரகத்தில் மிஞ்சினார்கள் என்பதை விட, அந்தத் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருந்தாரே, அதுதான் முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, உங்கள் "ஏன்" என்ற கேள்விக்கு வருவோம். போர் முனைக்கு வந்த நாடுகளின் தூதுவர்களுக்கு என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால், கட்டடம் பூட்டப்படுவதற்கு முன்பே அந்த மனிதர் வேலையற்றவர் ஆகிவிடுகிறார். இதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்கிற உதாரணம், முதலாம் உலகப் போருக்குச் சற்று முன், 1914 யூலை 25ஆம் திகதி சேர்பியத் தலைநகர் பெல்கிரேட்.

தன் முடிக்குரிய இளவரசர் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, ஒஸ்ரியா-ஹங்கேரி இரண்டு நாள் முன்பு, 23ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு, சேர்பியாவிடம் பத்துக் கோரிக்கைகள் கொண்ட இறுதி எச்சரிக்கையைக் கொடுத்திருந்தது. 48 மணித்தியாலம் தவணை. சேர்பிய அமைச்சர்கள் பதிலை அடித்துத் திருத்தி, திருத்தியதைத் திரும்பவும் திருத்தி, கடைசி நேரத்தில் தட்டச்சு இயந்திரமும் மக்கர் பண்ண, கையால் எழுதி முடித்தார்கள். பிரதமர் பாசிச் அதைத் தானே எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குச் சற்று முன்னர் ஒஸ்ரியத் தூதுவர் கீஸ்லிடம் போனார். பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணக்கம், சிலவற்றில் நழுவல், ஆறாவதுக்கு மறுப்பு. அதாவது ஒஸ்ரிய அதிகாரிகள் சேர்பிய மண்ணில் அந்தக் கொலை பற்றிய நீதி விசாரணையில் பங்குபற்றுவதற்கு. கீஸ்ல் கடிதத்தின் மேல் கண்ணை ஓட்டினார். முழுச் சம்மதம் இல்லை என்று தெரிந்ததும், உறவு முறிந்தது என்று முன்னரே தயார் செய்து வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்து வைத்தார். பெட்டிகள் கட்டியாகிவிட்டது. ஆறரை ரயிலில் குடும்பத்துடன் ஏறி ஆற்றைக் கடந்துவிட்டார். ஒரு நாட்டின் விதியைத் தாங்கிய பதில் கடிதத்துக்கு அவர் ஒதுக்கிய நேரம், யாழ்ப்பாணத்தில் ஒருவர் மின்சாரக் கட்டணப் பட்டியலைப் பார்க்க எடுக்கும் நேரத்தை விடக் கூட இருக்காது.

அவர் பொல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. முழுச் சம்மதம் தவிர வேறு எதையும் ஏற்க வேண்டாம் என்பது ஒஸ்ரியத் தலைநகர் வியன்னாவின் உத்தரவு. பதிலை வாங்கி, "இதில் ஏழெட்டு விடயம் சரிதானே, மிச்சத்தைக் கதைக்கலாம்" என்று எழுதுவதற்குத்தான் தூதுவர் என்று ஒருவர் இருக்கிறார். அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று தலைநகர் தீர்மானித்த பிறகு அவர் அங்கே இருந்தென்ன, போயென்ன? மூன்று நாள் கழித்து, யூலை 28ஆம் திகதி, ஒஸ்ரியா போர் அறிவித்தபோது அதைக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடப் பெல்கிரேட்டில் ஆள் இல்லை. சாதாரணத் தந்தியில் அனுப்பினார்கள். அது உண்மையான தந்திதானா, யாரும் விளையாடுகிறார்களா என்று பாசிச்சுக்கு முதலில் சந்தேகம் வந்தது.

இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. ஜேம்ஸ் ஃபியரன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1995இல் ஒரு வாதத்தை முன்வைத்தார். போர் இரண்டு பக்கத்துக்கும் நட்டம். போர் முடிவில் வரக்கூடிய நிலைமைக்குக் கிட்டத்தட்டச் சமமான ஓர் உடன்பாட்டை முன்னரே செய்துகொண்டால் அந்த நட்டம் இருவருக்கும் மிச்சம். பிறகு ஏன் செய்வதில்லை? அவர் சொல்லும் காரணங்களில் இரண்டு இங்கே முக்கியம். தன் பலமும் துணிவும் எவ்வளவு என்பது ஒவ்வொரு அரசுக்கும் மட்டும்தான் தெரியும், அதைக் கூட்டிச் சொல்ல ஆசையும் இருக்கும். இரண்டாவது, இன்றைக்கு ஒப்புக்கொண்டதை நாளைக்குப் பலம் கூடிய பிறகும் மற்றவர் மதிப்பார் என்பதற்குப் பிணை நிற்க யாரும் இல்லை.

இரண்டாவது காரணத்தை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க அதிகம் மினக்கெடத் தேவையில்லை. வேலிச் சண்டையில் ஒரு முழ நிலம் பெரிய விடயமே இல்லை. பனை மட்டை கட்டுகிற செலவு அதை விடக் கூட. ஆனால் இந்த முழத்தை விட்டால் அடுத்த முறை வேலி அடைக்கும்போது இன்னொரு முழம் போகும் என்ற பயம்தான் ஆளைக் கோட்டு வாசல் வரை கொண்டுபோகிறது. 1938 செப்ரெம்பரில் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள், இதோடு சரி என்ற உறுதியில். 1939 மார்ச்சில் ஜேர்மன் படை பிராக் நகருக்குள் புகுந்தது. அந்த மாதக் கடைசியில் பிரித்தானியா போலந்துக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதற்குப் பிறகும் பேர்லினில் பிரித்தானியத் தூதுவர் இருந்தார், கடிதங்கள் போய் வந்தன, ஓகஸ்ட் முழுக்கப் பேச்சும் நடந்தது. ஆனால் ஹிட்லரின் வாக்குக்குச் சந்தையில் விலை இல்லாமல் போய்விட்டது. வாக்குக்கு விலை இல்லாத இடத்தில் தூதுவரிடம் விற்க என்ன இருக்கிறது? எழுதிய ஒப்பந்தம் கிழிபட்டால் அடுத்த ஒப்பந்தம் எவ்வளவு கடினம் என்பதற்கு, பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957 பண்டா-செல்வா ஒப்பந்தத்தையும் அது மறு வருடமே கைவிடப்பட்டதையும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது நாடுகளுக்கு இடையிலானது இல்லை, ஆகவே அதற்குள் நான் போகவில்லை. ஆனால் பொறிமுறை ஒன்றுதான்.

அதே 1939 ஓகஸ்ட் 30ஆம் திகதி நள்ளிரவில் பேர்லினில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜேர்மன் வெளிநாட்டமைச்சர் ரிபென்ட்ராப், போலந்துக்கான 16 அம்ச யோசனை என்று ஒன்றைப் பிரித்தானியத் தூதுவர் ஹெண்டர்சனுக்கு ஜேர்மன் மொழியில் வேகமாக வாசித்துக் காட்டினார். பிரதியைத் தாருங்கள், போலந்துக்காரருக்கு அனுப்புகிறேன் என்று ஹெண்டர்சன் கேட்டார். தர முடியாது, காலம் கடந்துவிட்டது என்றார் ரிபென்ட்ராப். மொழிபெயர்ப்பாளராக அங்கே இருந்த ஷ்மிட் தன் காதை நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்ததாகப் பின்னர் எழுதினார். யோசனை சொல்கிறவர் அதை எழுத்தில் கொடுக்க மறுத்தால், அது மற்றவர் ஏற்றுக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது இல்லை. "நாங்கள் நியாயமான யோசனை வைத்தோம், அவர்கள்தான் கேட்கவில்லை" என்று தம் மக்களுக்கும் உலகத்துக்கும் சொல்வதற்காக.

கண்ணன் ஐந்து ஊராவது கொடு என்று துரியோதனனிடம் தூது போன கதையை நாமெல்லாம் கூத்தில் பார்த்திருக்கிறோம். கிடைக்காது என்று போகிறவருக்கே தெரியும். கேட்டோம் என்பது பதிவாக வேண்டும், அவ்வளவுதான். போருக்கு முந்திய கடைசிப் பேச்சுகள் பலவற்றில் இந்த வாடை இருக்கும். 1991 ஜனவரி 9ஆம் திகதி ஜெனீவாவில் அமெரிக்க வெளிவிவகாரச் செயலர் ஜேம்ஸ் பேக்கரும் ஈராக்கின் தாரிக் அஸீஸும் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். ஜனாதிபதி புஷ் சதாமுக்கு எழுதிய கடிதத்தை பேக்கர் நீட்டினார். அஸீஸ் வாசித்தார், அரசுத் தலைவர்களுக்கு இடையில் பாவிக்கும் மொழி இது இல்லை என்று மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினார். ஈராக் குவைத்தை விட்டு வெளியேற ஐக்கிய நாடுகள் சபை வைத்த காலக்கெடு 15ஆம் திகதி. 17ஆம் திகதி அதிகாலை குண்டுகள் விழத் தொடங்கின. இரு பக்கத்துக்கும் அந்த மேசையை விட வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களே பெரிதாகத் தெரிந்தார்கள் என்று வாசிக்க இடம் உண்டு. சதாம் உண்மையில் என்ன நினைத்தார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

இப்போது இராணுவக் கடிகாரத்துக்கு வருகிறேன். தூதுவரின் வேலை ஆறப் போட்டுச் செய்கிற வேலை, படைத் தளபதியின் வேலை முந்திக்கொள்கிற வேலை. 1914இல் ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது யூலை 30ஆம் திகதி. ஜேர்மனியின் திட்டமோ ரஷ்யா ஆயத்தமாகும் முன் பிரான்சை அடித்து முடிப்பது. ஆகவே ஜேர்மனிக்கு ஒவ்வொரு நாளும் கைநழுவுகிற நாள். ஜேர்மன் சக்கரவர்த்தியும் ரஷ்யாவின் சார் மன்னரும் உறவினர்கள், ஒருவருக்கொருவர் தந்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ரயில் அட்டவணை அதற்குக் காத்திருக்கவில்லை. ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜேர்மனி போர் அறிவித்தது. செப்ரெம்பர் 22ஆம் திகதி ஜேர்மனியின் எம்டன் போர்க்கப்பல் பிரித்தானியர் ஆண்ட சென்னைக்குக் குண்டு போட்டது. பெல்கிரேட்டில் ஒருவர் ரயில் ஏறியதற்கும் நம் கடல் வரை வந்த சூட்டுக்கும் இடையில் இரண்டு மாதம் கூட இல்லை.

1941 இதற்கு நேர்மாறான பாடம். பேச்சு நடந்துகொண்டிருப்பதாலேயே சமாதானம் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. யூலைக் கடைசியில் அமெரிக்கா யப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. எண்ணெய் இல்லாத கடற்படைக்குக் காலம் எதிரி. வொஷிங்டனில் யப்பான் தூதுவர் நொமுரா அமெரிக்க வெளிவிவகாரச் செயலர் ஹல்லுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே, நவம்பர் 26ஆம் திகதி யப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஹவாய் நோக்கிப் புறப்பட்டுவிட்டன. நொமுராவுக்கு அது தெரியாது. டிசம்பர் 7ஆம் திகதி, பேச்சை முடித்துக்கொள்கிறோம் என்ற 14 பகுதிச் செய்தியைப் பகல் ஒரு மணிக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. இரகசியம் என்பதால் வழக்கமான தட்டச்சாளரை விடாமல் ஓர் அதிகாரியே ஒற்றை விரலில் தட்டிக்கொண்டிருந்தார். நொமுரா கொண்டுபோய்க் கொடுத்தபோது இரண்டு இருபது. ஹவாயில் பேர்ள் துறைமுகம், வொஷிங்டன் நேரப்படி, ஒன்று இருபத்தைந்துக்கே எரியத் தொடங்கிவிட்டது. தட்டச்சு வேகமாக முடிந்திருந்தால் என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். ஒன்றும் மாறியிருக்காது. அந்தச் செய்தியில் போர் என்ற அறிவிப்பே இல்லை.

தூதுவர் இருந்தும் சமிக்ஞை பிழைத்துப் போவது இன்னொரு வகை. 1990 யூலை 25ஆம் திகதி பக்தாதில் அமெரிக்கத் தூதுவர் ஏப்ரல் கிளாஸ்பியை சதாம் கூப்பிட்டுப் பேசினார். அரபு நாடுகளுக்கு இடையிலான எல்லைத் தகராறில் அமெரிக்காவுக்குக் கருத்து இல்லை என்ற பொருளில் அவர் சொன்னதை சதாம் பச்சைக்கொடியாக எடுத்துக்கொண்டார் என்று ஒரு கட்சி. பலாத்காரம் கூடாது என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டது, படை ஏற்கெனவே குவைத் எல்லையில் நின்றது, என்ன சொல்லியிருந்தாலும் சதாம் உள்ளே போயிருப்பார் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் இது நிரூபிக்கப்பட்ட விடயம் என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் தலைக்கு மேலேயே நடந்த ஓர் உதாரணமும் உண்டு. 1987 மே கடைசியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் நடவடிக்கை தொடங்கியது. யூன் 3ஆம் திகதி இராமேஸ்வரம் பக்கமிருந்து நிவாரணப் பொருட்களுடன் வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பின்னேரம் மூன்று மணியளவில் டில்லியில் இலங்கை உயர் ஸ்தானிகர் பெர்னார்ட் திலகரத்னவை வெளிவிவகார இராஜாங்க அமைச்சர் நட்வர் சிங் கூப்பிட்டார். நான்கு மணிக்கு எங்கள் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேல் பொருட்களைப் போடப் போகின்றன, தடுத்தால் பதிலடி வரும் என்றார். ஒரு மணித்தியால அவகாசம். ஐந்து அன்ரனோவ் விமானங்கள், காவலுக்கு மிராஜ்கள். இங்கே பின்னேரத் தேநீர் நேரம். முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். விழுந்த மூட்டைகளில் பருப்பும் இருந்ததால் தென்னிலங்கைப் பத்திரிகைகள் அதைப் பருப்பு நடவடிக்கை என்று நையாண்டி செய்தன.

ஒரு நாட்டின் வான்பரப்பை இன்னொரு நாட்டு விமானப்படை கேட்காமல் கடந்தது சிறிய விடயம் இல்லை. கொழும்பு கடுமையாகக் கண்டித்தது. ஆனால் உறவை முறிக்கவில்லை. டில்லியில் திலகரத்னவும் கொழும்பில் இந்திய உயர் ஸ்தானிகர் டிக்சிட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள், யூலை 29ஆம் திகதி, இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தமும் அதன் பின் இந்த மண்ணில் நடந்தவையும் வேறு கதை, அதைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறோம். நான் சுட்டிக்காட்ட விரும்புவது இவ்வளவுதான்: யூன் 4ஆம் திகதி கோபத்தில் தூதுவரை அழைத்திருந்தால், யூலையில் அந்த வரைவுகள் போய் வர வழி குறைந்திருக்கும். இது என் ஊகம். பலம் குறைந்த நாட்டுக்கு முறிப்பது கட்டாது என்பதுதான் காரணம், இதில் இராஜதந்திரம் ஒன்றும் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

தூதரகத்தைத் திறந்து வைத்திருந்தால் போர்கள் தவிர்ந்திருக்குமா என்பதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. நடக்காததைப் பரிசோதித்துப் பார்க்க முடியாது. தவிர்ந்த போர்களில் வழி திறந்திருந்தது என்பதை மட்டும் காட்டலாம். 1962 ஒக்ரோபர் கியூப ஏவுகணை நெருக்கடியின் உச்சத்தில், 27ஆம் திகதி இரவு, ஜனாதிபதியின் தம்பி ரொபர்ட் கென்னடி சோவியத் தூதுவர் டொப்ரினினைச் சந்தித்து, துருக்கியில் உள்ள அமெரிக்க ஏவுகணைகளைப் பின்னர் எடுத்துவிடலாம் என்று இரகசியமாகச் சொன்னார். அந்த நாட்களில் சோவியத் தூதரகத்தின் இரகசியத் தந்திகளை எடுத்துப்போக ஒரு தந்திக் கம்பனிப் பையன் சைக்கிளில் வருவானாம். வழியில் எங்காவது நின்று பெண்பிள்ளையுடன் கதைத்துக்கொண்டிருக்கக் கூடாதே என்று பிரார்த்தித்ததாக டொப்ரினின் பின்னர் எழுதினார். உலகம் அந்தச் சைக்கிளில் தொங்கியது. 1963இல் மொஸ்கோவுக்கும் வொஷிங்டனுக்கும் நேரடித் தொடர்பு போட்டதன் காரணம் அதுதான். படங்களில் காட்டுவது போல் சிவப்புத் தொலைபேசி இல்லை, தொலைத்தட்டச்சு இயந்திரம். இதை வைத்துத் தூதுவர் இருந்தால் போர் வராது என்று சொல்ல முடியாது. இரண்டு தலைவர்களுக்கும் பின்வாங்க விருப்பம் இருந்தது. வழி இருந்ததால் அந்த விருப்பம் போய்ச் சேர்ந்தது. விருப்பமே இல்லாத 1914 வியன்னாவுக்கோ 1939 பேர்லினுக்கோ எத்தனை வழி வைத்தாலும் பயன் சந்தேகம்.

ஆகவே செய்தி பார்க்கும்போது "தூதுவர் அழைக்கப்பட்டார்" என்ற தலைப்பில் நான் அதிகம் நிற்பதில்லை. ஊழியர்களின் மனைவி பிள்ளைகளை அனுப்புகிறார்களா, தூதரகக் கூரையில் புகை வருகிறதா (காகிதம் எரிக்கிறார்கள் என்று அர்த்தம்), விமானச் சேவைகள் நிற்கின்றனவா, தம் நாட்டவரை உடனே வெளியேறச் சொல்கிறார்களா என்று பார்ப்பேன். கீவில் இருந்த தம் தூதரகத்தை ரஷ்யா காலி செய்யத் தொடங்கியது படையெடுப்புக்கு முதல் நாள். இவை கூடத் தப்பலாம். ஆனால் காசு செலவழித்துச் செய்கிற வேலை வாயால் சொல்வதை விட நம்பத்தக்கது.

இனி உங்கள் அண்ணாவின் விடயம். நல்ல செய்தி என்னவென்றால், அவர் இருக்கும் நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் சண்டை வந்தால் இலங்கைத் தூதரகம் பூட்டப்படச் சட்டக் காரணம் எதுவும் இல்லை, நாம் அந்தச் சண்டையில் கட்சி இல்லையே. 2006இல் லெபனான் மேல் குண்டு விழுந்தபோதும் பெய்ரூட்டில் இலங்கைத் தூதரகம் பணிப்பெண்களைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. இராஜதந்திர உறவு முறிந்தால் கூட, 1963ஆம் ஆண்டின் சமவாயப்படி கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு பார்க்கிற துணைத் தூதரக உறவு தானாக முறியாது. பூட்டிய தூதரகத்தின் வேலையை மூன்றாம் நாடு ஒன்றிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. 1971இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் சுவிற்சர்லாந்து அதைச் செய்தது. பயப்பட வேண்டிய நிலைமை 1990 குவைத் மாதிரியானது. நாட்டையே ஈராக் பிடித்துக்கொண்டு, இது இனி எங்கள் மாகாணம், ஓகஸ்ட் 24ஆம் திகதிக்குள் தூதரகங்களைப் பூட்டுங்கள் என்றார்கள். எங்கள் ஆட்கள் பலர் பாலைவனம் கடந்து ஜோர்தான் முகாம்களில் கிடந்துதான் ஊர் வந்து சேர்ந்தார்கள், பலருக்குக் கையில் கடவுச்சீட்டு இல்லை, முதலாளியிடம் இருந்தது. ஆகவே அண்ணாவிடம் சொல்லுங்கள்: வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு காலாவதியாகாமல் இருக்கட்டும், அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் தன் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்து வைக்கட்டும், கடவுச்சீட்டினதும் வேலை ஒப்பந்தத்தினதும் படத்தை எடுத்து உங்களுக்கும் ஒன்று அனுப்பி வைக்கட்டும்.